மிசின் நிக்கிற படம்

எங்கள் சேரிக்கு டெக்கு வாடகைக்குத் தர மாட்டார்கள். 1986இல் வட ஆற்காடு மாவட்டத்தில், டேனரிகள் நிறைந்த ஒரு சின்ன ஊரில் நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். கடைத்தெருவில் இரண்டு வீடியோ கடைகள். கலர் டிவி, டெக்கு, மூன்று கேசட் எல்லாம் சேர்த்து ஒரு ராத்திரிக்கு வாடகை. ஊர்த்தெருவில் கல்யாணம், காதுகுத்து என்றால் கடைக்காரரே ஆளை அனுப்பி ஒயர் இழுத்துக் கொடுப்பார். நாங்கள் போய் நின்றால், "காலனியில கரண்டு ஏறி எறங்கும்பா, டெக்கு பூடும்" என்பார். ஊருக்கும் சேரிக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர்தான். ஆனால் எங்கள் பக்கம் வரும்போதுதான் கரண்டுக்கும் புத்தி மாறிவிடும் போலிருக்கிறது.

கடைசியில் என் மாமா மகன் அவன் அண்ணனுடைய சைக்கிளைக் கொண்டுபோய்க் கடையில் ஈடாக விட்டான். ஆளுக்கு இரண்டு ரூபாய் வசூல். மாரியம்மன் கோயில் திடலில் வேட்டியைக் கட்டி மறைப்பு. ஒரு எம்.ஜி.ஆர். படம், ஒரு ரஜினி படம். மூன்றாவது கேசட்டைக் கடைக்காரர் தானாகவே எடுத்துப் போட்டிருந்தார். யாரும் எடுக்காத கேசட் என்று பிற்பாடு தெரிந்தது. மேலே பால்பாயிண்ட் பேனாவால் 'பிரேக் டான்ஸ்' என்று எழுதியிருந்தது.

விடிகாலை மூன்று மணிக்கு அதைப் போட்டோம். பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். படத்தில் கோடுகோடாக ஓடியது. டெக்கைத் திறந்து, புது இரண்டு ரூபாய் நோட்டால் ஹெட்டைத் துடைத்தோம். கோடு கொஞ்சம் குறைந்தது. அதற்குள் ஒரு கறுப்புப் பையன். கடை வாசலைப் பெருக்கப் போகிறான். கையில் துடைப்பம். அந்தத் துடைப்பத்தோடு ஆட ஆரம்பிக்கிறான். அதைத் தோளில் உருட்டுகிறான், காற்றில் நிற்க வைக்கிறான், எலும்பே இல்லாதவன் போல அதைச் சுற்றி வழுக்கிக்கொண்டு போகிறான். தூங்கினவர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். விசில் பறந்தது.

நான் விசில் அடிக்கவில்லை. தொண்டை அடைத்துவிட்டது. என் அம்மா நகராட்சியில் தெருக்கூட்டுகிறவர். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பட்டப்பெயர் 'தொடப்பக்கட்ட'. ஆறாம் வகுப்பிலிருந்து அந்தப் பெயர். வாத்தியார் ஒருவர்கூட ஒருமுறை வருகைப் பதிவு எடுக்கும்போது அப்படிக் கூப்பிட்டுவிட்டு, தானே சிரித்துக்கொண்டார். துடைப்பம் என்பது என்னைப் பொறுத்தவரை ஒளித்து வைக்க வேண்டிய பொருள். வீட்டுக்கு யாராவது வந்தால் அம்மாவின் நீளக் கழி போட்ட ஈர்க்குமாறைக் கூரைக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சாத்திவிடுவேன். இங்கே ஒருவன், அதுவும் நம்மைப் போலக் கறுத்தவன், அதைக் கையில் பிடித்துக்கொண்டு ராஜாவைப் போல ஆடுகிறான்.

திரும்பிப் பார்த்தேன். அம்மா வேலைக்குக் கிளம்பி, அதே ஈர்க்குமாறோடு பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இன்னாடா இவன், தொடப்பத்த வெச்சிகினு இம்மா நேரம் ஆட்றானே, கூட்டி முடிச்சானா இல்லியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. அவருக்கு அது உண்மையான சந்தேகம். கூட்டி முடிக்காவிட்டால் மேஸ்திரி ஆப்சென்ட் போட்டுவிடுவார்.

மறுநாள் அம்மாவின் துடைப்பத்தை எடுத்து நானும் ஆடிப் பார்த்தேன். பிடுங்கிக்கொண்டார். "இது எனுக்குச் சோறு போட்றது. வெளயாட்றதுக்கு வேற எதுனா எட்த்துக்கோ" என்றார்.

அந்தப் படத்தின் பெயர் 'பிரேக்கின்'. 1984 மே மாதம் அமெரிக்காவில் வெளிவந்தது. வேறு சில நாடுகளில் 'பிரேக் டான்ஸ்' என்ற பெயரில் விற்றார்கள். துடைப்பத்தோடு ஆடியவர் மைக்கேல் சேம்பர்ஸ். 'பூகலூ ஷ்ரிம்ப்' என்பது அவருடைய தெருப் பெயர். மைக்கேல் ஜாக்சனுக்கே ஆட்டம் சொல்லிக் கொடுத்தவர்களில் ஒருவர். அவரோடு ஆடியவர் 'ஷாபா டூ' என்று அறியப்பட்ட அடால்ஃபோ கினோன்ஸ். கறுப்பினத் தாய், புவேர்ட்டோ ரிக்கோ தகப்பன். சிகாகோவில் கப்ரினி கிரீன் என்ற ஏழைகள் குடியிருப்பில் வளர்ந்தவர். 2020 டிசம்பரில் இறந்துபோனார். இதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. 'தொடப்பக்காரன்', 'தொப்பிக்காரன்', அவ்வளவுதான்.

என் மாமா மகன் அன்றிலிருந்து வேறு ஆளாகிவிட்டான். டேனரி வாசலில் கிடந்த அட்டைப் பெட்டியைப் பிரித்துத் தரையில் போட்டு முதுகால் சுற்றினான். முன்னால் நடப்பது போலப் பின்னால் போனான். கை விரலில் ஒரு அலையைக் கிளப்பி மறுகை விரல் வரை கொண்டுபோனான். முதலில் அவன் அதை ஆடிக்காட்டியது மேடையில் இல்லை, ஒரு சாவில். எங்கள் ஆயா சாவுக்குப் பெரியப்பா பறை அடித்துக்கொண்டு முன்னே போக, இவன் அடிக்கு அடி உடம்பை ஒடித்து ஆடிக்கொண்டு போனான். பெரியப்பா முறைப்பார் என்று நினைத்தேன். அவர் அடியை மாற்றி மாற்றிப் போட்டு இவனைச் சோதித்தார். இவன் விடவில்லை. சுடுகாடு போய்ச் சேர்ந்ததும் பெரியப்பா சொன்னார்: "பையன் பாட்டுக்கு ஆட்லடா, அடிக்கு ஆட்றான்."

எவ்வளவு சரியான பேச்சு என்று பல வருடம் கழித்துப் படித்தபோதுதான் தெரிந்தது. 'பிரேக்' என்பது பாட்டில் பாடுகிறவன் நிறுத்தி, மற்ற கருவிகளும் ஓய்ந்து, மேளம் மட்டும் தனியாக நிற்கிற இடம். நியூயார்க்கில் பிராங்ஸ் பகுதியில், 1973 ஆகஸ்டு 11ஆம் தேதி, செட்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தில் நடந்த ஒரு பார்ட்டியைத்தான் இதன் பிறந்தநாளாகச் சொல்கிறார்கள். அங்கே இசைத்தட்டு போட்டவர் கூல் ஹெர்க், ஜமைக்காவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன். ஆட வந்தவர்கள் அந்த மேளம் மட்டும் வரும் இடத்துக்காகத்தான் காத்துக்கிடக்கிறார்கள் என்பதைக் கவனித்தார். ஒரே பாட்டின் இரண்டு தட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு அந்த இடத்தை நீட்டிக்கொண்டே போனார். அதுவும் எப்படிப்பட்ட பிராங்ஸ்? நடுவில் குறுக்கு நெடுஞ்சாலை ஒன்றைப் போட்டு, ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கிளப்பிவிட்ட பிராங்ஸ். அந்தச் சாலையை 1948இல் தொடங்கி 1972 வரை போட்டார்கள். ஆக, வீட்டை இடித்த இடத்தில் மிஞ்சிய ஜனங்களின் ஆட்டம் இது. இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். ஆச்சரியப்படவேயில்லை. "அப்டினா நம்ம ஊட்டு ஆட்டந்தான்" என்றார்.

இரண்டாவது படம் ஒன்று இருப்பதாகச் சென்னைக்குப் போய்வந்த ஒருவன் சொன்னான். கேசட் எங்கள் ஊருக்கு வந்து சேர 1987 ஆகிவிட்டது. அதற்குள் நாங்கள் பன்னிரண்டு பேர் ஆடுகிற குழு. இப்போது சைக்கிள் ஈடு இல்லை. ஊர்த்தெருப் பையன்கள் சிலரே எங்கள் ஆட்டத்தைப் பார்க்க வருவதால், கடைக்காரர் கொஞ்சம் இறங்கி வந்திருந்தார். காசு வசூலித்து, ஒரு படம் மட்டும் எடுத்தோம். 'எலெக்ட்ரிக் பூகலூ'.

ஏமாந்துபோனோம்.

ஆரம்பத்திலேயே தெரு முழுக்க ஆடுகிறது. தபால்காரர் ஆடுகிறார், கிழவி ஆடுகிறார், வேலை செய்கிறவர்கள் வேலையைப் போட்டுவிட்டு ஆடுகிறார்கள். எல்லோர் மேலும் கலர் கலராக உடை. ஒருத்தர் உடம்பிலும் வேர்வை இல்லை. ஆஸ்பத்திரியில் நர்சும் டாக்டரும் நோயாளியும் சேர்ந்து ஆடுகிறார்கள். முதல் படத்தில் அடிதடி போல நடந்த ஆட்டப் போட்டி, இதில் திருவிழாக் கும்மி போல ஆகிவிட்டது. நாங்கள் துடைப்பத்துக்காகக் காத்திருந்தோம். துடைப்பம் வரவேயில்லை. அதற்குப் பதிலாகத் துடைப்பக்காரன் சுவரில் ஏறி, கூரையில் தலைகீழாக ஆடினான்.

நியாயமாகப் பேச வேண்டும். அந்தக் கூரை ஆட்டம் அற்புதம். நாங்கள் நான்கு முறை திருப்பிப் போட்டுப் பார்த்தோம். கேசட் மாட்டிக்கொண்டு, பென்சிலை விட்டுச் சுற்றி எடுக்க வேண்டியதாயிற்று. ஹாலிவுட்டில் ஃப்ரெட் அஸ்டேர் 1951இலேயே இதைச் செய்திருக்கிறார். ஆள் கூரைக்குப் போவதில்லை. அறையையே ஒரு பெரிய உருளைக்குள் வைத்துச் சுற்றுகிறார்கள். கேமராவும் அறையோடு சேர்ந்து சுற்றும். ஆடுகிறவன் எப்போதும் தரையில்தான் இருக்கிறான். பார்க்கிற நமக்குத்தான் அவன் மேலே ஏறிவிட்டது போலத் தெரிகிறது.

கதை இதுதான். ஏழைப் பிள்ளைகள் கூடி ஆடுகிற ஒரு பொதுக் கட்டடம். 'மிரக்கிள்ஸ்' என்று பெயர், அதாவது அற்புதங்கள். அதை இடித்துவிட்டு வணிக வளாகம் கட்ட ஒரு பணக்காரன் வருகிறான். பிள்ளைகள் ஆட்ட நிகழ்ச்சி நடத்திப் பணம் திரட்டுகிறார்கள். புல்டோசரை மறித்து நிற்கிறார்கள். கடைசியில் கட்டடம் தப்பிவிடுகிறது. எல்லோரும் ஆடுகிறார்கள். சுபம்.

படம் பிடிக்கவில்லை என்றாலும் அந்தக் கதை எங்கள் மனசுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதுதான் வினை. ஏனென்றால் 1988இல் எங்களுக்கும் புல்டோசர் வந்தது.

பஸ் ஸ்டாண்டை விரிவாக்க வேண்டும் என்று, கால்வாய் ஓரம் இருந்த அறுபது சொச்சம் குடிசைகளை எடுக்கச் சொல்லி நோட்டீஸ். அதில் எங்கள் குடிசையும் ஒன்று. பட்டா கிடையாது. ஆயா காலத்திலிருந்து இருக்கிறோம் என்பதற்கு ஆயாதான் சாட்சி, அவரும் போய்விட்டார். வக்கீல் வைக்க வேண்டும், வக்கீலுக்குப் பணம் வேண்டும். பெரியவர்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது என் மாமா மகன் எழுந்து சொன்னான்: "டேன்ஸ் புரோகிராம் வெப்போம்."

நாங்கள் பன்னிரண்டு பேரும் தலையாட்டினோம். வெட்கமாக இருக்கிறது சொல்ல. படித்தவன் நான். நான்தான் நோட்டீசு எழுதினேன்.

கடைத்தெரு முனையில் மேடை போட்டோம். பெரியப்பாவும் இன்னும் மூன்று பேரும் பறை. டேப் ரிக்கார்டரில் இங்கிலீஷ் பாட்டு. ஊரே திரண்டு வந்தது. அதற்கு முன்பு எங்களுக்காக அவ்வளவு பேர் கூடியதில்லை. வீடியோ கடைக்காரர் முன் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மாமா மகன் தலையால் சுற்றினான். 'ஒன்ஸ் மோர்' கேட்டார்கள். ஐந்து ரூபாய் நோட்டைச் சட்டையில் குத்தினார்கள். என்னைத் 'தொடப்பக்கட்ட' என்று கூப்பிட்டவன் ஒருவன் வந்து கையைக் குலுக்கி, "சூப்பர்டா" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

வசூல் அறுநூற்று நாற்பது ரூபாய். மைக் செட்டுக்கும் மேடைக்கும் இருநூற்று எழுபது போனது. மிச்சத்தை வக்கீலிடம் கொடுத்தோம். அவர் ஒரு மனு எழுதினார்.

பதினோராம் நாள் காலை ஆறு மணிக்கு மிசின் வந்தது. போலீஸ் வந்தது. அம்மா வேலையிலிருந்து பாதியில் ஓடி வந்தார், கையில் துடைப்பத்தோடு. நாங்கள் மிசின் முன்னால் போய் நின்றோம். உண்மையாகவே நின்றோம். படத்தில் நின்றது போல. மிசின் நிற்கவில்லை. முதலில் லத்தி வந்தது, பிறகு மிசின் வந்தது. மாமா மகனுக்கு முட்டியில் விழுந்த அடி இன்றைக்கும் இருக்கிறது. மாடிப்படி ஏற மாட்டான்.

கடைத்தெருவில் ஜனங்கள் கூடி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் எங்களைத் திட்டவில்லை. யாரும் கிட்டத்தில் வரவும் இல்லை. அம்மா கூரை ஓலைகளுக்கு நடுவில் அரிசிப் பானையைத் தேடிக்கொண்டே சொன்னார்:

"அன்னிக்கி விசில் அட்ச்சான் பாரு, அதே ஆளு, அதே எடத்துல நின்னுகினு கீறான் பாரு."

என் வாழ்க்கையில் கலை பற்றி நான் கேட்ட மிகப் பெரிய விமர்சனம் அதுதான்.

இப்போது படம் பற்றிய விவரங்கள் கைக்குக் கிடைக்கின்றன. முதல் படம் வந்தது 1984 மே. இரண்டாவது வந்தது அதே 1984 டிசம்பர். ஏழு மாதம். முதல் படத்தில் குறைந்த செலவில் பெரும் லாபம் பார்த்த கேனன் நிறுவனம், மோகம் தணிவதற்குள் இன்னொரு முறை அறுவடை செய்யப் பார்த்தது. வசூல் முதல் படத்தின் பாதிகூட வரவில்லை. அதன் பெயரே அமெரிக்காவில் ஒரு கிண்டலாகிவிட்டது. தேவையில்லாமல் எடுக்கப்படும் எந்த இரண்டாம் பாகத்துக்கும் 'எலெக்ட்ரிக் பூகலூ' என்று ஒட்டு வைத்துச் சிரிக்கிறார்கள். இந்தச் சிரிப்பில் எனக்குச் சம்மதமில்லை. அந்தப் பெயர் படக் கம்பெனியுடையது அல்ல. கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரத்தில் எழுபதுகளில் பூகலூ சாம் என்ற கறுப்பினக் கலைஞர் தொடங்கிய ஆட்டக் குழுவின் பெயர். உடம்பை வெட்டி வெட்டி ஆடும் 'பாப்பிங்' அங்கேதான் உருவானது. பெயரை எடுத்துக்கொண்டவன் லாபம் பார்த்தான். பெயர் கேலிப் பொருளானது. பெயருக்குச் சொந்தக்காரனைச் சிரிக்கிறவனுக்குத் தெரியாது. இது நமக்குப் பழக்கமான கணக்குத்தான்.

முதல் படத்தையும் நான் தலையில் வைத்துக் கொண்டாட மாட்டேன். அதிலும் கதை ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் கண் வழியாகத்தான் போகிறது. தெரு ஆட்டத்தை அவள் வந்து 'கண்டுபிடிக்க' வேண்டியிருக்கிறது. ஆனாலும் அதில் ஒரு துடைப்பம் இருந்தது. ஆடுகிறவன் வேலை செய்கிறவன் என்பது தெரிந்தது. இரண்டாவது படம் அந்தத் துடைப்பத்தைப் பிடுங்கிவிட்டு, அவனைக் கூரையில் ஏற்றியது.

அதைவிடப் பெரிய பொய், மிசின் நின்றது. அதே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் சாவேஸ் ரவைன் என்ற இடம் இருந்தது. மெக்சிகோ வம்சாவளி ஏழைகளின் குடியிருப்பு. உங்களுக்கே வீடு கட்டித் தருகிறோம் என்று சொல்லித்தான் ஐம்பதுகளின் தொடக்கத்தில் அவர்களைக் கிளப்பினார்கள். பிறகு வீட்டுத் திட்டத்தைக் கைவிட்டு, நிலத்தை பேஸ்பால் குழு ஒன்றுக்குக் கொடுத்தார்கள். போக மறுத்து மிஞ்சியிருந்தவர்களை 1959 மே மாதம் போலீஸ் வந்து இழுத்துப் போட்டது. ஒரு பெண்ணைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், அந்தப் புகைப்படம் இருக்கிறது. புல்டோசர் இடித்தது. 1962இல் விளையாட்டரங்கம் திறந்தார்கள். படம் எடுத்தவர்களுக்கு இது அந்நிய தேசத்துச் செய்தி இல்லை, அதே ஊர்ச் செய்தி.

தொண்ணூறுகளில் இதுபோன்ற பத்திரிகைகளில் பறை பற்றிப் பெரிய விவாதம் நடந்தது நினைவிருக்கலாம். சாவுக்கு அடிக்கும் இழிவு, தூக்கி எறி என்று ஒரு பக்கம். நம் கலை, மேடைக்கு எடு என்று ஒரு பக்கம். நான் இரண்டாவது பக்கம் நின்றேன், இப்போதும் நிற்கிறேன். ஆனால் பறையை மேடையில் பார்த்துக் கைதட்டுகிற கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றில் ஒரு பயம் வரும். நம் ஆட்டத்துக்குக் கைதட்டுகிறவன் நம் வீட்டுக்காக வந்து நிற்பான் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கைதட்டலைத் தோழமை என்று எண்ணி நாங்கள் ஒருமுறை வீட்டை விட்டோம். அறுபது குடும்பம் சேர்ந்து கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார வேண்டிய பதினோரு நாளை நாங்கள் ஒத்திகைக்கும் மேடைக்கும் செலவு செய்தோம். ஆடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆட்டம் அமைப்புக்குப் பதில் ஆகாது என்கிறேன். எங்கள் பையன்களுக்கு எங்களிடமிருந்த ஒரே பலம் ஆட்டம்தான் என்று தோன்றியது. அப்படித் தோன்ற வைத்ததில் அந்தக் கேசட்டுக்கும் பங்கு உண்டு.

2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக் டான்ஸைச் சேர்த்தார்கள். மாமா மகன் போன் செய்தான். ஷூ கம்பெனியில் இருபத்தைந்து வருடம் வேலை செய்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறான். "மாமா, நம்ம ஆட்டம் ஒலிம்பிக்ல கீது, பாத்தியா?" என்றான். குரலில் அந்தப் பழைய பையன் இருந்தான். 2028 ஒலிம்பிக் லாஸ் ஏஞ்சல்ஸில் நடக்கப் போகிறது, படம் எடுத்த அதே ஊர், ஆனால் பட்டியலில் இந்த ஆட்டத்தைச் சேர்க்கவில்லை என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தெரிஞ்சதுதான்" என்றான்.

போன மாதம் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். எண்பது வயசு தாண்டிவிட்டது. பார்வை மங்கல். போனில் அந்தத் துடைப்ப ஆட்டத்தைப் போட்டுக் காட்டினேன். போனைக் கண்ணுக்கு அருகில் பிடித்துக்கொண்டு முழுக்கப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இவன் இன்னும் கூட்டி முடிக்கலியா?"

அதே கேள்வி. இரண்டு பேரும் சிரித்தோம். இரண்டாவது படத்தையும் போடட்டுமா, கூரையில் ஆடுவானே என்று கேட்டேன்.

"அந்த மிசின் நிக்கிற படமா?" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "அது வோணாம். அது பொய்யி."